கொக்கிக்குள் ஒரு சொல்

அவளைக் குழுவில் எல்லோரும் கொக்கி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழு என்றால் கைபேசிக்குள் இருக்கிற குழு. பதினொரு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. எங்கெங்கோ யார் யாரோ பேசியதைப் பதிவு செய்து கம்பெனி அனுப்பிவைக்கும். இவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, கேட்டதை எழுத்தாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்த பேட்டி வரும், சங்கக் கூட்டம் வரும், ஏதாவது விபத்து விசாரணை வரும். மற்ற பத்துப் பேரும் மேசை போட்டுக் கணினியில் தட்டுகிறவர்கள். கொக்கி அக்கா மட்டும் அண்ணன் கட்டிலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியில் தட்டுகிறாள். கணினி அடுத்த அறையில் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. அங்கே போய் உட்கார்ந்தால் இங்கே அண்ணன் தனியாக இறங்கப் பார்ப்பார். இரண்டு தடவை இறங்கி, இரண்டு தடவையும் விழுந்தாயிற்று.

பேர் வந்த கதை இதுதான். ஒருவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதும்போது இரண்டு பக்கமும் குறி போடுகிறோமே, அதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று நேராக நிற்கிற குச்சி. முன்னாலும் அதே குச்சி, பின்னாலும் அதே குச்சி. இன்னொன்று வளைந்த கொக்கி. அதில் திறக்க ஒன்று, மூட ஒன்று. கம்பெனிக்குக் கொக்கிதான் வேண்டும். நாற்பது பக்கத்தில் ஒரே ஒரு குச்சி ஒளிந்திருந்தாலும் கோப்பு முழுதாகத் திரும்பி வந்துவிடும். திறந்த கொக்கி மூடாமல் கிடந்தாலும் அதே கதி. இதெல்லாம் ஒரு விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். அவளும் முதல் மாதம் அப்படித்தான் கேட்டாள்.

கணினியில் இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கைபேசியில்தான் உயிரை வாங்கும். எழுத்துப் பலகையில் எண்கள் இருக்கிற பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே குச்சியை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து மேலே ஒரு சின்னப் பெட்டி முளைக்கும். அதற்குள் ஐந்தாறு குறிகள் வரிசையாக நிற்கும். விரலைத் தூக்காமலே நகர்த்திப் போய் வேண்டியதன்மேல் விட வேண்டும். அவசரப்பட்டு விட்டால் குச்சி விழும். அரை நெல் தள்ளி விட்டால், எந்த ஊர்க்காரருக்கோ உரிய, காலடியில் தொங்குகிற ஒரு குறி விழும். திறப்பதும் மூடுவதும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள், நிற்பதோ பக்கத்துப் பக்கத்தில், அதற்கு மேல் கட்டைவிரல் வேறு படுத்துக்கொண்டு மறைக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால்தான் எது எது என்று தெரியும். பேச்சு நிறைந்த பக்கம் என்றால் ஒரு பக்கத்துக்கே நாற்பது கொக்கி.

“கைபேசியே தானா வளைச்சுக் குடுக்குமே அக்கா, செட்டிங்ல போய்ப் பாருங்க,” என்று குழுவில் ஒருத்தி யோசனை சொன்னாள். போய்ப் பார்த்தாள். அது தானாக வளைத்தது உண்மைதான். அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் வந்தால் திறக்க வேண்டிய இடத்தில் மூடியது, கோடு போட்ட பிறகு மூட வேண்டிய இடத்தில் திறந்தது. அந்த மகாராஜன் செய்த தப்பைத் தேடிப் பிடித்துத் திருத்துவதற்குப் பதில் தானே போட்டுவிட்டுப் போகலாம் என்று அணைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டரை வருஷமாக, ஒவ்வொரு கொக்கியும் அவள் கட்டைவிரல் அழுத்திப் பிடித்து, நகர்த்தி, விட்டதுதான். அந்த விரலின் அடிமூட்டு இப்போது வீங்கிக் கிடக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, “விரலுக்கு ஓய்வு குடுங்கம்மா,” என்றார். ஓய்வாம்! அந்தச் சொல்லைக் கேட்டு அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

பழக்கம் எதுவரைக்கும் போயிற்றென்றால், பால்காரருக்கு அனுப்புகிற செய்தியில்கூடக் கொக்கி விழ ஆரம்பித்தது. ‘நாளைக்கு “ஒன்று” போதும்’ என்று ஒருநாள் அனுப்பிவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் பால்காரர் கூப்பிட்டார். “அக்கா, ஒன்னுன்னா ஒன்னுதானா? இல்ல, நேத்து லேட்டா வந்ததுக்கு ஏதாவது குத்திக் காட்டுறீங்களா?”

கொக்கியைவிட முக்கியமானது அதற்குள் என்ன வைப்பது என்பது. இதை அவளுக்குப் புரியவைத்தவர் மேற்பார்வை பார்க்கிற அம்மா. குழுவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பேர், அவருக்குத் தெரியாது. சேர்ந்த புதிதில் ஒரு தையல் ஆலைப் பெண்ணின் பேட்டி வந்தது. அந்தப் பெண் சலித்துப்போய், “என்னத்தச் சொல்ல, சொல்லி என்ன ஆகப்போகுது,” என்றிருந்தாள். கொக்கி அக்கா அதைக் கொஞ்சம் துடைத்துப் பளபளப்பாக்கி, “சொல்வதற்கு எதுவும் இல்லை” என்று கொக்கிக்குள் போட்டு அனுப்பினாள். மறுநாள் பூதக்கண்ணாடியிடமிருந்து குரல் செய்தி வந்தது.

“கொக்கிக்குள்ள அவங்க வாய்தாம்மா இருக்கணும். உங்க வாய் உள்ள வரக்கூடாது. உங்களுக்கு என்ன புரிஞ்சுதோ அதை வெளியில எழுதிக்குங்க, யாரும் வேணாங்கல. ரெண்டையும் கலந்தீங்கன்னா அந்தப் பொண்ணு சொல்லாத ஒன்ன சொன்னதா ஆயிடும்.”

இரண்டு நாள் அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தமிழை நல்ல தமிழாக்கியதற்கு ஒரு பேச்சா! மூன்றாம் நாள் அந்தப் பதிவைத் திரும்பக் கேட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல மூட்டை மூட்டையாக இருந்தது, சொல்லித்தான் பயனில்லை. இவள் எழுதியதோ வேறு. அன்றிலிருந்து இருமல் வந்தால் இருமல், பாதியில் நின்றால் பாதி. கொக்கிக்குள் தன் வாயை விட்டதே இல்லை.

இனி அண்ணனைப் பற்றி.

அண்ணன் முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். வாய் ஓயாத மனுஷர். முன்படிக்கட்டில் நிற்கிறவனைப் பின்படிக்கட்டிலிருந்தே பேசி உள்ளே தள்ளிவிடுவார். சில்லறை இல்லாதவரைச் சிரிக்கவைப்பார், தூங்குகிறவரை எழுப்பி அவருடைய நிறுத்தத்தில் இறக்கிவிடுவார். வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு ஏறினவர்கள் இறங்கினவர்கள் கதையெல்லாம் அவிழும். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் முகச் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது.

“வேணாம்.”

எல்லாவற்றுக்கும் வேணாம்தான். டீ குடிக்கிறியா அண்ணா என்றால் வேணாம் என்பார், கை நீட்டி வாங்கிக் குடித்துவிடுவார். டிவியை அணைக்கட்டுமா என்றாலும் வேணாம், போடட்டுமா என்றாலும் வேணாம். வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிட்டால் முகமெல்லாம் மலர, “வேணாம்! வேணாம்!” இப்படி ஆவது உண்டு, ஒரு சொல் வந்து ஒட்டிக்கொள்ளும், அர்த்தம் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு அதில்கூட ஒரு ஆற்றாமை. முப்பத்தொரு வருஷம் ‘டிக்கெட் டிக்கெட்’ என்று தொண்டை கிழியக் கத்தின மனுஷனுக்கு அதுவாவது மிஞ்சக்கூடாதா? கேட்கிறவர்களுக்காவது சிரிப்பு வந்திருக்கும்.

தலையாட்டலையும் நம்ப முடியாது. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி ஆட்டினார். பேச்சுப் பயிற்சிக்காரர் ஒரு படப் பலகை கொண்டுவந்தார். தம்ளர், கழிவறை, போர்வை, சரி, தப்பு என்று படங்கள். தொட்டுக் காட்டினால் போதும். முதல் நாள் சரியாகத் தொட்டார், இரண்டாம் நாள் மாற்றி மாற்றித் தொட்டார், மூன்றாம் நாள் பலகையை இடது கையால் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஊரையே பேச்சால் ஏற்றி இறக்கினவருக்குக் குழந்தைப் பலகை. ரோஷம் இருக்காதா என்ன?

ஆக, அண்ணனுடைய வாய் அவளாயிற்று. பார்க்க வருகிற டிரைவர் நண்பரிடம், “நீங்க இளைச்சுட்டீங்களாம், அண்ணன் கேக்கறார்,” என்பாள். நர்ஸிடம், “ஊசி போடும்போது மெதுவா போடச் சொல்றார்,” என்பாள். குட்டையாக ஒரு வேணாம் வந்தால் சரி, இழுத்து வந்தால் இல்லை, இரண்டு தடவை அடுத்தடுத்து வந்தால் வலி என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். பாதி நிஜம். மீதி அவளே கட்டியது. கேட்கிறவர்களுக்கு ஏதாவது பதில் வேண்டியிருந்தது, அவளுக்கும் வீட்டில் ஒரு பேச்சுத்துணை வேண்டியிருந்தது. வேலையில் ஒரு இருமலைக்கூட மாற்றாதவள் வீட்டில் இப்படி வாய்க்கு வந்ததை அண்ணன் பேரில் சொல்லிக்கொண்டிருந்தாள். அது தப்பு என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அவள் ஏன் இப்படிக் கிடந்து மாய வேண்டும் என்று கேட்டால், அதற்கு ஒரு பழைய சங்கதி உண்டு. கல்யாணமாகிப் போன இடத்தில் சரிப்படாமல், முப்பது வயதில் ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள் அவள். அண்ணன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, தோளில் தொங்கிய டிக்கெட் பையைக்கூட இறக்கவில்லை. ஏன் வந்தாய், என்ன ஆச்சு, ஒன்றும் கேட்கவில்லை. “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார். அன்று சாயங்காலமே தன் சாமான்களை ஒதுக்கி அவளுக்கு ஓர் அறை விட்டுக்கொடுத்தார். அண்ணியும் முகம் சுளித்ததில்லை. அண்ணி போய் ஆறு வருஷமாகிறது. அப்படிப்பட்ட மனுஷரைப் பார்த்து, எனக்கு முடியவில்லை என்று எந்த நாக்கால் சொல்வாள்?

ஆனால் முடியவில்லை. அதுதான் உண்மை. இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். தூக்கி உட்காரவைக்க வேண்டும், துடைக்க வேண்டும், துவைக்க வேண்டும். அவருக்கு எடை குறையவில்லை, அவளுக்குத்தான் குறைந்தது. சில நாள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அழுவதற்குக்கூட இல்லை. யாரும் கூப்பிடாத ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். அண்ணன் இரண்டாம் தடவை விழுந்து, தனியாளாகத் தரையிலிருந்து தூக்கி, இடுப்பு பிடித்துக்கொண்ட அன்று, ஆத்திரத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு விண்ணப்பம் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பதினான்கு மாதம் எந்தப் பதிலும் இல்லை, அவளும் கைகழுவி விட்டுவிட்டாள்.

இந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த இல்லத்திலிருந்து ஓர் அம்மா வந்து நின்றார். ஒரு கட்டில் காலியாகியிருக்கிறதாம்.

நல்ல அம்மா. கட்டிலோரம் குனிந்து, அண்ணன் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்து, நிதானமாகப் பேசினார். “ஐயா, எங்க இல்லத்துல உங்களுக்கு இடம் இருக்கு. தோட்டம் இருக்கு, பாத்துக்க ஆள் இருக்காங்க. உங்களுக்கு வர இஷ்டமா?”

அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

“வேணாம்.”

குட்டையுமில்லை, இழுக்கவுமில்லை. நடுவாந்திரமாக வந்தது. அந்த அம்மா நிமிர்ந்து, “என்னம்மா சொல்றார்?” என்று கேட்டார்.

இரண்டரை வருஷமாக இந்தக் கேள்விக்கு அவள் வாய் தயாராகவே இருந்தது. யார் கேட்டாலும் பட்டென்று பதில் வரும். இன்றைக்கு வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. வரச் சம்மதம் என்கிறார் என்று சொல்லலாம், யாரும் மறுத்துக் கேட்கப் போவதில்லை. வரமாட்டேன் என்கிறார் என்றும் சொல்லலாம். இரண்டில் எதைச் சொன்னாலும் சொன்னது அவள்தான் என்பது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது. “கொஞ்சம் யோசிச்சு சொல்றேம்மா,” என்று மென்று விழுங்கினாள்.

“அவசரமில்ல, ஆனா இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வேணும். இல்லன்னா பட்டியல்ல அடுத்தவங்களுக்குப் போயிடும். உங்க போனுக்கு ஒரு படிவம் அனுப்பறேன்,” என்றார் அந்த அம்மா. “ரெண்டே கட்டம்தான். முதல் கட்டத்துல அவர் என்ன சொன்னார்னு, அவர் சொன்ன மாதிரியே எழுதணும். ரெண்டாவது கட்டம் உங்களுக்கு. இஷ்டமில்லாம யாரையும் நாங்க எடுக்கறதில்லம்மா. அதனால முதல் கட்டத்தத்தான் முக்கியமாப் பாப்போம். அவர் பேச்சு உங்களுக்குத்தானே புரியும், நீங்க எழுதறதுதான்.”

நீங்கள் எழுதுவதுதான். அந்த அம்மா போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை.

அண்ணன் மகனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் பதறினான், வருத்தப்பட்டான், கடைசியில், “நீங்க எது செஞ்சாலும் சரி அத்தை,” என்றான். நல்ல பிள்ளைதான். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை அவன் இரண்டரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எது செஞ்சாலும் சரி என்கிறவனிடம் எதைச் செய்வது என்று கேட்க முடியுமா? போனை வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்குக் கம்பெனிக்கு ஒரு கோப்பு அனுப்ப வேண்டியிருந்தது. ஏதோ குடியிருப்போர் சங்கக் கூட்டம், தண்ணீர்த் தொட்டியை யார் கழுவுவது என்று இருபது பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அழுத்திப் பிடி, நகர்த்து, விடு. அழுத்திப் பிடி, நகர்த்து, விடு. நடுவில் அண்ணனைப் புரட்டினாள், டீ கொடுத்தாள், சட்டை மாற்றினாள். மனசு எங்கேயோ கிடக்க, விரல்பாட்டுக்குக் கொக்கி போட்டுக்கொண்டே போயிற்று. கோப்பை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது மூன்றே கால். அண்ணன் தூங்கியிருந்தார். படிவத்தைத் திறந்தாள்.

முதல் கட்டம் வெறுமையாக இருந்தது. அவள் ஒரு கொக்கியைத் திறந்தாள். எழுதினாள்.

“எனக்கு அங்கே வர விருப்பமாக இருக்கிறது. என் தங்கைக்கு ஓய்வு தேவை.”

மூடினாள். இரண்டு கொக்கியும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. படித்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘விருப்பமாக இருக்கிறது’ என்று அண்ணன் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. ‘ஓய்வு தேவை’யாம், நோட்டீஸ் பலகை பேசுவதுபோல. மூன்று வருஷம் அடுத்தவர் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தட்டிய கைக்கு இது பொறுக்கவில்லை. யோசிக்காமலே அழித்துவிட்டு வேறு எழுதினாள்.

“அட, போலாம் வாம்மா. எத்தனை நாளைக்குத்தான் நீ என்னைத் தூக்கிட்டே நிப்ப? ரைட், ரைட்!”

எழுதி முடித்ததும் அவள் கை நின்றுவிட்டது. அது அண்ணனேதான். அந்த ‘அட’, அந்த ‘வாம்மா’, அந்த ரைட் ரைட். இரண்டரை வருஷமாகக் கேட்காத குரல் காதுக்குள் அப்படியே கேட்டது. சமையலறையிலிருந்து அவர் இப்போது பேசிக்கொண்டே வரப்போகிறார் என்பதுபோல இருந்தது. ஒரு நிமிஷம் அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். ஆசையாக இருந்தது. ஆனால் இதைப் படிக்கிற எவரும் நம்புவார்கள். நாளாக நாளாக அவளே நம்பிவிடுவாள். வாயில்லாத மனுஷனுடைய வாயைத் தன் கையால் அசைத்து, அண்ணனை அனுப்பிவிடச் சொல்லித் தனக்கே உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறாள். அடிப்பாவி, என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். ‘அட’வை அழிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

நான்கு இருபதுக்கு அண்ணன் விழித்தார். அவள் அவரைத் தூக்கி, தலையணைகளைச் சாய்த்து உட்காரவைத்தாள். வழக்கமாக அந்த நேரம் டிவி போடுவாள். இன்றைக்குப் போடவில்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அண்ணா,” என்றாள். “காலையில ஒரு அம்மா வந்தாங்கல்ல. அங்க போறியான்னு கேட்டாங்க. நான்தான் பதினாலு மாசத்துக்கு முன்னாடி எழுதிப் போட்டேன். உன்கிட்ட சொல்லல. எனக்கு முடியல அண்ணா.”

கடைசி மூன்று சொல் அவளை மீறி வந்தது. இரண்டரை வருஷம் அண்ணன் பேரில் ஆயிரம் பேசியவள் தன் பேரில் பேசியது இது ஒன்றுதான்.

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, எதையோ இழுத்துவர முயன்றது. கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் வந்தது அதே சொல்தான்.

“வேணாம்.”

“எது வேணாம்? போக வேணாமா? இல்ல, நான் இப்படிக் கஷ்டப்பட வேணாமா?” என்று கேட்டாள். கேட்டபோதே அது வீண் என்று அவளுக்குத் தெரிந்தது.

“வேணாம்,” என்றார் அண்ணன்.

அவள் கைபேசியை எடுத்தாள். மணி நான்கு முப்பத்தைந்து. முதல் கட்டத்தில் கொக்கியைத் திறந்து, அந்தச் சொல்லை வைத்து, மூடினாள். “வேணாம்.” அவ்வளவுதான். இப்படியே அனுப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். படிக்கிறவர்கள், வர இஷ்டமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள், கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். நாளைக்கும் இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டல், தூக்கல். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னும் பத்து வருஷமோ, எத்தனை வருஷமோ. ஆனாலும் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான், அதற்கு மேல் ஓர் எழுத்து வரவில்லை.

இரண்டாவது கட்டத்துக்குப் போனாள். இங்கே கொக்கி தேவையில்லை. இதையும் படித்தால் அவர்கள் வேறு மாதிரி யோசிக்கக்கூடும். மெதுவாகத் தட்டினாள்.

எல்லாவற்றுக்கும் அண்ணன் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்கிறார். இதற்கு இங்கே என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று இவ்வளவு நாள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன், அது பொய். என்னால் இனி தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அவரை அனுப்பவும் மனமில்லை.

எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினாள். இரண்டு கட்டத்தையும், ஒன்றும் விடாமல். அது பொய் என்ற இடத்தில் அண்ணனுக்கு இடது பக்க உதடு லேசாகச் சிரித்ததுபோல இருந்தது. சிரிப்பா, சும்மா இழுப்பா? சொல்லத் தெரியவில்லை, அதனால் அவள் எதுவும் நினைத்துக்கொள்ளவில்லை. மணி நான்கு ஐம்பது. திரை அவருக்குத் தெரியும்படி கைபேசியை அவர் மடிமேல் பிடித்தாள்.

“அனுப்பட்டுமா அண்ணா?”

“வேணாம்.”

“சரி, விடு,” என்றாள். உடம்பெல்லாம் ஓய்ந்துபோன மாதிரி இருந்தது. ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். சும்மா இருந்தாலே போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று நினைத்து, கைபேசியை எடுக்கப் போனாள்.

எடுக்க முடியவில்லை. அண்ணனுடைய இடது கை அதன்மேல் வந்து அழுத்திக்கொண்டது. பிறகு ஆள்காட்டி விரலை நீட்டினார். விரல் நடுங்கியது. முதலில் கட்டத்துக்குள்ளேயே விழுந்து, எங்கேயோ ஒரு தேவையில்லாத புள்ளி வைத்தது. “வேணாம்,” என்று எரிச்சலோடு முனகினார். அவள் புள்ளியை அழித்தாள். அவர் மறுபடி விரலைத் தூக்கி, கீழே நகர்த்தி, பச்சையாக இருந்த ‘அனுப்பு’ என்பதன்மேல் வைத்து அழுத்தினார்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. அனுப்பிய பின் மாற்ற முடியாது. அனுப்பலாமா? அதற்குக் கீழே இடது பக்கம் ‘இல்லை’, வலது பக்கம் ‘ஆம்’.

கைதவறி அழுத்திவிட்டார், பச்சையாகத் தெரிந்ததே என்று தொட்டுவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். கைபேசியை இழுக்கவில்லை, உதவவும் இல்லை. அண்ணன் அந்த வரியின் அடியில் விரலை ஓட்டினார். டிக்கெட் கணக்கைச் சரிபார்க்கிறவர்போல, ஒவ்வொரு சொல்லாக. ‘இல்லை’தான் அவர் கைக்குக் கிட்டே இருந்தது. விரல் அதன்மேல் வந்து நின்றது. அங்கிருந்து விரலைத் தூக்கி, முழங்கை நடுங்க நடுங்க, திரையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் ‘ஆம்’ என்பதை அழுத்தினார். அழுத்திவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

பெற்றுக்கொண்டோம், நன்றி என்று வந்தது.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதிக்காகவே உடம்பு கூசியது. அண்ணன் போய்விடக்கூடும் என்பது இப்போதுதான் நிஜமாயிற்று. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. கட்டில் சட்டத்தில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அவள் தலைமேல் ஒரு கை வந்து விழுந்தது. கனமாக, பழக்கமில்லாத இடது கை. அது மெல்ல இறங்கி, தடவித் தடவி அவள் கன்னத்தைத் தேடிப் பிடித்து, ஈரத்தைத் துடைத்தது.

“வேணாம்,” என்றார் அண்ணன். “வேணாம்… வேணாம்…”

“அழல அண்ணா,” என்றாள் அவள், அழுதுகொண்டே.